சாம்பல் ஃபெல்ட்

டிசம்பர் என்றால் எங்களுக்குப் புழுக்கம்.
சாட்ஸ்வொர்த், ஏழாவது யூனிட்.
எட்டு மணிக்குக் கரண்ட் போகும் என்று
போனில் செய்தி வந்துவிட்டது.
அதற்குள் வெட்டி முடிக்க வேண்டும்.

மேசைமேல் விரிந்து கிடக்கிறது பச்சைத் துணி.
கடையில் வாங்கியதல்ல. என் தம்பி பூபாலன்
ஸ்னூக்கர் மேசைகளுக்குத் தோல் மாற்றுகிறவன்.
எவனோ கோலால் கிழித்த பழையதை
சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.
அங்கங்கே நீலச் சாக்பீஸ் தூள்.
நடுவில் சிகரெட் சுட்ட ஓட்டை.

"ஓட்டையை விட்டு வெட்டு" என்றேன்.
கெர்ஷ்னி கேட்கவில்லை.
மரத்தின் உச்சி அங்கே வரும்படி வெட்டி
பின்னால் ஒரு மஞ்சள் துண்டை ஒட்டினாள்.
சுட்ட இடத்தில் நட்சத்திரம்.

சின்னவன் ஏத்தன் லிச்சி செய்கிறான்:
சிவப்பில் இரண்டு வட்டம், உள்ளே பஞ்சு,
காம்புக்குப் பல்குச்சி.
பசை காய ஜன்னலில் வைத்த ஆறில் ஒன்றை
குரங்கு தூக்கிக்கொண்டு கூரைக்குப் போனது.
கடித்தது. துப்பியது.
பிறகு எங்களைப் பார்த்ததே ஒரு பார்வை,
எடையில் ஏமாற்றிய பழக்காரியைப் பார்ப்பதுபோல.

பனிமனிதனுக்கு வெள்ளைத் துணி எடுத்தேன்.
"அது பனியில்லை" என்றார் சைலஸ்.
ஜோஹன்னஸ்பர்க் பாதையில்
பத்தொன்பது வருடம் லாரி ஓட்டிய விரல்களால்
அதுவரை எங்களுக்கு
ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர்.
"இந்த வீட்டில் பனியைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்."

பிறகு கதை. வருடத்துக்கு ஒருமுறை வருகிற கதை.
ஜூலை மாதம், வான் ரீனன் கணவாய்,
பாதையை மூடிவிட்டார்கள்,
மலையடிவரை வரிசையாக லாரிகள்.
முதல் ஒரு மணி நேரம்தான் வெள்ளை.
அப்புறம் டீசல் புகை, டயர், சேறு,
மூத்திரம் போக இறங்கியவர்களின் பூட்ஸ்.
விடியும்போது எல்லாம் சாம்பல்.
"ஏற்றியிருந்தது உறைந்த கோழி.
கோழிக்கும் எனக்கும் ஒரே குளிர்."

எழுந்து போய்க் கராஜில் உருட்டினார்.
எஞ்சின் மூடிக்கு அடியில் ஒட்டுவார்களே,
தடித்த சாம்பல் ஃபெல்ட், அதில் ஒரு மிச்சம்.
எண்ணெய் வாசனை.
கத்திரிக்கோல் அதில் சிக்கிச் சிக்கி நகர்ந்தது.
அவர் வெட்டிய பனிமனிதன் இடப்பக்கம் சாய்ந்தான்.
வயிற்றில் கறுப்பு நூலால் டயர்த் தடம்.
பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எட்டு மணி. கரண்ட் போனது.
பேட்டரி விளக்கைச் சுற்றி ஐந்து தலை.

அந்த இரவுக்கு இன்னொரு பாதி உண்டு.
ஏத்தன் என் வயிற்றில் ஏழு மாதம்.
பதினோரு தடவை அழைத்தேன்.
ஒவ்வொரு அழைப்புக்கும் நடுவில்
கெர்ஷ்னியின் பள்ளிச் சட்டைகளை இஸ்திரி போட்டேன்,
போட்டதையே மறுபடியும் போட்டேன்.
அதற்குமேல் ஜெபம் வரவில்லை.
ரேடியோவில் பாதை நிலவரம் சொல்கிற பெண்ணின் குரலை
இறுகப் பிடித்துக்கொண்டு விடிய வைத்தேன்.
மறுநாள் மாலை வாசலில் நின்று
அவர் சொன்ன முதல் வார்த்தை:
"கோழி கெடவில்லை."

கறுப்புத் துணியில் நகத்தளவு வெட்டி
பனிமனிதனின் கையில் தைத்தேன்.
"என்னம்மா அது, பைபிளா?"
"போன்."

சைலஸ் விளக்கை அருகே இழுத்தார்.
வெகுநேரம் அதையே பார்த்தார்.
"சிவப்பு நூல் இருக்கிறதா?" என்று கேட்டு வாங்கி
போனின் மூலையில்
ஒரே ஒரு சின்னத் தையல் போட்டார்.
பேட்டரி தீர்ந்ததற்கு அடையாளம்.

ஒன்பது வருடம் கழித்து வந்த பதில்.
பற்களால் நூலை அறுத்தேன்.

கரண்ட் திரும்பி வந்தபோது
பூபாலன் மிச்சப் பச்சையைச் சுருட்டிக்கொண்டிருந்தான்,
தைப்பூசத்துக்குத் தன் காவடி ஓரத்தில் கட்ட.
ஓட்டை இல்லாத பக்கமாகப் பார்த்து
அவன்தான் எடுத்துக்கொண்டான்.